பொருநைக்கரை மருத்துவம் – 17: சோடாபுட்டிக் கண்ணாடி போன கதை

2000ஆம் ஆண்டு பிறந்த கையோடு திருநெல்வேலி மாவட்டத்தில் ஒரு கணக்கெடுப்பு நடந்தது. தென்காசி அப்போது தனி மாவட்டமாகவில்லை. குற்றால மலையடிவாரத்திலிருந்து ராதாபுரம் கடற்கரை வரை எல்லாம் ஒரே ஜில்லா. அதில் குலுக்கல் முறையில் 28 பகுதிகளைத் தேர்ந்தெடுத்து, வீடு வீடாக ஏறி இறங்கி, 3,986 வீடுகளில் 50 வயதைத் தொட்ட 5,795 பேரின் பெயரை எழுதிக்கொண்டார்கள். பிறகு அந்தந்தப் பகுதியிலேயே ஓரிடத்தில் பார்வைச் சோதனை. எழுத்தறியாதவர்களுக்கும் பொருந்துகிற அட்டை: ஆங்கில 'இ' எழுத்து தன் மூன்று கால்களை மேலே, கீழே, இடம், வலம் என்று ஏதாவது ஒரு பக்கம் நீட்டிக்கொண்டு நிற்கும். கால் எந்தப் பக்கம் என்று கையால் காட்டினால் போதும். 5,411 பேர் வந்து காட்டினார்கள். நூற்றுக்கு 93 பேர். நம் ஊரில் தேர்தலுக்குக்கூட இத்தனை பேர் வருவதில்லை.

பி. கே. நிர்மலன், ஆர். டி. துளசிராஜ், நெல்லை அரவிந்த் கண் மருத்துவமனையின் ஆர். ராமகிருஷ்ணன், அமெரிக்கத் தேசிய கண் நிறுவனத்தின் எல்வைன் முதலியோர் சேர்ந்து செய்த ஆய்வு இது. 2002இல் பிரிட்டிஷ் கண் மருத்துவ இதழில் வெளியானது. இந்தத் தொடருக்காக நான் படித்த மருத்துவக் கட்டுரைகளில் என்னை அதிக நேரம் உட்காரவைத்தது இதுதான். காரணம், அதிலிருந்த இரண்டே இரண்டு எண்கள்.

நல்ல கண் 60 மீட்டர் தூரத்தில் அடையாளம் காண்கிற எழுத்தை 6 மீட்டருக்குள் வந்தால்தான் காண முடிகிறது என்றால் அந்தப் பார்வை 6/60. இரண்டு கண்ணிலும் அதற்கும் கீழே என்றால் அன்றைய இந்திய வரையறைப்படி பார்வையற்றவர். புரை எடுத்து, உள்ளே லென்ஸ் வைக்காமல் விட்ட கண்களில் 40.7 விழுக்காடு இந்த 6/60க்கும் கீழே இருந்தன. புரை எடுத்து லென்ஸ் வைத்த கண்களில் அது 5.1 விழுக்காடுதான்.

அதே மாவட்டம், அதே நோய். இரண்டு சாராரும் ஆபரேஷன் செய்துகொண்டவர்கள். முகாம் அறிக்கைகளிலும் அரசுப் புள்ளிவிவரங்களிலும் இரண்டுமே 'வெற்றிகரமான கண்புரை அறுவை' என்றுதான் ஏறியிருக்கும். ஆனால் லென்ஸ் இல்லாத கண்களில் பத்துக்கு நான்கு, ஆபரேஷனுக்குப் பிறகும் ஏறக்குறைய இருட்டிலேயே இருந்தன. இது எப்படி வந்தது என்று பார்க்கக் கொஞ்சம் பின்னால் போகவேண்டும்.

கருவிழிக்குப் பின்னால், மொச்சைக்கொட்டை அளவில், மெல்லிய உறைக்குள் இருக்கிறது கண்ணின் லென்ஸ். சுற்றிலும் நுண்ணிய நார்கள் அதைத் தாங்குகின்றன. வயதாக ஆக அது மங்கி, பழுப்பேறி, கடைசியில் வெளுத்து இறுகிவிடுவதுதான் புரை. இதற்கு நம் நாட்டில் இருந்த மிகப் பழைய வைத்தியம், புரையை வெளியே எடுக்காமல் உள்ளேயே தள்ளிவிடுவது. சுசுருத சம்ஹிதையில் இந்த முறை சொல்லப்பட்டிருக்கிறது. கூரிய சலாகையைக் கண்ணின் வெள்ளைப் பகுதி வழியாகச் செலுத்தி, மங்கிய லென்ஸை நாரிலிருந்து அறுத்து, கண்ணின் பின்பக்கம் விழச் செய்வார்கள். பாதையை அடைத்து நின்ற கல் நகர்ந்ததும் வெளிச்சம் உள்ளே வரும். நோயாளி அந்த இடத்திலேயே விரல்களை எண்ணுவார். வைத்தியருக்குத் தட்சிணை கிடைக்கும். அவர் அடுத்த ஊருக்குப் போய்விடுவார்.

பிறகுதான் வினை. உள்ளே விழுந்த லென்ஸ் கண்ணழுத்தத்தை ஏற்றும். சலாகையோடு போன கிருமி சீழ் பிடிக்க வைக்கும். 1904 முதல் 1913 வரை சென்னை அரசு கண் மருத்துவமனையின் கண்காணிப்பாளராக இருந்த ராபர்ட் ஹென்றி எலியட்டிடம் இப்படிக் கெட்டுப்போன கண்கள் வந்துகொண்டே இருந்தன. அவர் அவற்றைச் சும்மா விடவில்லை. கேஸ் கேஸாகக் குறித்துவைத்தார். எடுக்கவேண்டிவந்த கண்களைச் சேகரித்து, வெட்டிப் பார்த்து, உள்ளே என்ன நடந்தது என்று படம் வரைந்தார். 1917இல் லண்டன் அறுவை மருத்துவர் கல்லூரியில் அதைப் பற்றிச் சொற்பொழிவாற்றி நூலாகவும் கொண்டுவந்தார். நாடோடி வைத்தியர்களைப் பற்றி அவர் பேசுகிற தொனி வெள்ளைக்காரத் தொனிதான், அதை மறைக்கவேண்டியதில்லை. ஆனால் சிகிச்சை நடந்த நாளில் கண் எப்படி இருந்தது என்பதை விட்டுவிட்டு, மாதங்கள் கழித்து என்ன ஆயிற்று என்று கேட்ட முதல் சிலரில் அவர் ஒருவர். வைத்தியர் ஊரைவிட்டுப் போன பிறகு என்ன நடந்தது என்ற கேள்வி அது. தஞ்சை மன்னர் இரண்டாம் சரபோஜி தாம் பார்த்த கண் நோயாளிகளின் குறிப்புகளை எழுதிவைக்கச் செய்தாரே, அதுவும் இதே குணம்தான். சரஸ்வதி மகாலில் அவை இன்றும் இருக்கின்றன.

புரையை வெளியே எடுக்கும் வித்தையை 1747இல் தொடங்கிவைத்தவர் பிரான்ஸ் நாட்டு ஜாக் தாவியேல். அவர் உறையைக் கிழித்து உள்ளிருப்பதை மட்டும் எடுத்தார். உள்ளே தங்கிய மிச்சம் தொல்லை கொடுத்ததால், பின்னால் வந்தவர்கள் உறையோடு சேர்த்து முழு லென்ஸையும் எடுக்கத் தொடங்கினார்கள். பஞ்சாபில் ஜலந்தரில் இருந்த கர்னல் ஹென்றி ஸ்மித் கண்ணை வெளியிலிருந்து அழுத்தியே லென்ஸை முழுசாக வழுக்கி வெளியே வரவைப்பார். உலகம் முழுவதிலுமிருந்து டாக்டர்கள் அதைப் பார்க்க ஜலந்தருக்கு வந்தார்கள். 1961இல் போலந்து டாக்டர் கிரவாவிச் ஒரு கம்பியின் முனையைக் கடுங்குளிராக்கி லென்ஸைத் தொட்டார். பனிக்கட்டி ஈர விரலில் ஒட்டுவது மாதிரி லென்ஸ் அதில் ஒட்டிக்கொண்டது. அப்படியே தூக்கி எடுத்துவிடலாம். நுண்ணோக்கி வேண்டாம், பெரிய கருவிகள் வேண்டாம். பழகிய கை இருந்தால் ஒரு நாளில் எத்தனையோ பேருக்குச் செய்யலாம். ஏழை நாடுகளின் கண் முகாம்கள் இந்த முறையில்தான் ஓடின.

நம் பக்கத்தில் அந்த முகாம்களின் நாயகர் டாக்டர் ஜி. வெங்கடசாமி. 'டாக்டர் வி' என்றால்தான் தெரியும். 1918இல் அன்றைய திருநெல்வேலி ஜில்லாவின் கரிசல் பகுதியில், எட்டயபுரம் பக்கத்து அயன் வடமலாபுரத்தில் விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர். பொருநையின் ஈரம் எட்டாத மண். ஊரில் டாக்டர் கிடையாது. உறவுப் பெண்கள் பிரசவத்தில் இறந்ததைப் பார்த்துப் பிரசவ வைத்தியராக வேண்டும் என்று ஆசைப்பட்டார். 1944இல் சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் பட்டம் பெற்று ராணுவத்தில் சேர்ந்தார். அங்கே முடக்குவாதம் பிடித்து விரல்கள் கோணிப்போயின. பிரசவம் பார்க்க ஆகாது என்ற நிலையில் கண் மருத்துவத்துக்கு வந்து, அந்தக் கோணிய விரல்களுக்குத் தக்கபடி கருவிகளைப் பிடிக்கப் பழகிக்கொண்டார். தம் வாழ்நாளில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட கண்களில் அறுவை செய்தார். 1956 முதல் மதுரை மருத்துவக் கல்லூரியில் கண் துறைத் தலைவர். 1960களில் அவர் நடத்திய முகாம்களில் பள்ளிக்கூடங்களும் மண்டபங்களும் சில நாட்களுக்கு ஆஸ்பத்திரி ஆயின.

அந்தக் காலத்து ஆபரேஷன் முடிந்தவர் எப்படி இருந்தார்? கருவிழியின் மேல் ஓரமாக அரைவட்டத்துக்கு வெட்டு, 10 முதல் 12 மில்லிமீட்டர். அதில் தையல். கண்ணில் கட்டு. அசையாமல் மல்லாந்து படுத்திருக்க வேண்டும். தும்மக் கூடாது, இருமக் கூடாது, வெளிக்கிருக்க முக்கக் கூடாது. வீட்டிலிருந்து ஒருவர் கூடவே இருக்கவேண்டும். காயம் ஆறியதும் கட்டைப் பிரித்து, வழியனுப்பும்போது ஒரு கண்ணாடி கொடுப்பார்கள். கறுப்புச் சட்டம், நடுவில் புடைத்த தடித்த கண்ணாடி. சோடாபுட்டி அடியைப் பார்த்தால் எப்படி இருக்குமோ அப்படி. ஊர் முழுக்க அதை 'சோடாபுட்டி' என்றே கூப்பிட்டது. சினிமாவில் அது ஒரு நகைச்சுவைச் சாமான்.

போட்டுக்கொண்டவருக்கு அதில் நகைச்சுவை எதுவும் இல்லை. கண்ணுக்குள் லென்ஸ் இல்லாததால் அதன் வேலையைச் செய்ய வெளியில் ஏறக்குறைய +10 பவர் வேண்டும். அத்தனை பவருள்ள கண்ணாடியில் எல்லாமே நூற்றுக்கு 25, 30 பங்கு பெரிதாகத் தெரியும். பெரிதாகத் தெரிவதால் பக்கத்தில் இருப்பதாகவும் தோன்றும். காபி டம்ளரை எடுக்கக் கை நீட்டினால் டம்ளருக்கு ஒரு சாண் முன்னாலேயே விரல்கள் மூடிக்கொள்ளும். வாசல் நிலை வளைந்து நிற்கும். கண்ணாடியின் விளிம்பைச் சுற்றி வட்டமாக ஒரு குருட்டுப் பட்டை. பக்கத்தில் நடந்து வருகிறவர் அந்தப் பட்டைக்குள் மறைந்து, திடீரென்று முகத்துக்கு எதிரே முளைப்பார். இந்தக் கண்ணாடியோடு வயல் வரப்பில் நடப்பதை யோசித்துப் பாருங்கள். ஒரு கண்ணில் மட்டும் ஆபரேஷன் ஆகி, மற்றக் கண் ஓரளவு தெரிந்தால் இன்னும் மோசம். பெரிய உருவம் ஒன்று, சிறிய உருவம் ஒன்று என்று இரண்டாகத் தெரியும். மூளையால் ஒன்றுசேர்க்க முடியாது. டாக்டர்கள் 'புரை நல்லா முத்தட்டும், பிறகு வாங்க' என்று திருப்பி அனுப்பியதற்கு இதுவும் ஒரு காரணம். இரண்டு கண்ணும் போகும்வரை காத்திருந்தால்தான் இந்த ஆபரேஷனால் லாபம். 'முத்தட்டும்' என்ற பேச்சு இன்றும் கிராமங்களில் நிற்கவில்லை. சிகிச்சை மாறிப்போய் ஒரு தலைமுறை ஆகியும், சொன்ன வாய் மறந்தாலும் கேட்ட காது மறக்கவில்லை.

அதோடு, கண்ணாடி உடையும். பேரப்பிள்ளை இழுப்பான், ஆட்டுக்குட்டி மிதிக்கும், ஆற்றில் குளிக்கப் போன இடத்தில் படித்துறையில் தவறும். உடைந்த காதுக்குப் பதில் நூல் கட்டி ஒரு வருஷம் ஓட்டுவார்கள். பிறகு அதுவும் போகும். முகாம் எப்போதோ கலைந்துவிட்டது. புதுக் கண்ணாடிக்கு டவுனுக்கு யார் கூட்டிப்போவது? "தல சுத்துது மக்கா, அது இல்லாமயே இருந்துட்டுப் போறேன்" என்று ஆச்சி திண்ணையில் உட்கார்ந்துவிடுவாள். கண்ணாடி இல்லாத அந்தக் கண்ணின் பார்வை 6/60க்கும் கீழே.

கணக்கெடுப்பின் 40.7 என்ற எண்ணில் ஒரு பெரும் பங்கு இதுதான். ஊகமல்ல; ஆய்வாளர்கள் அதே கண்களுக்குச் சரியான கண்ணாடியைப் போட்டுப் பார்த்தபோது 40.7 விழுக்காடு 17.6 ஆக இறங்கியது. கத்தி செய்த வேலை பாதிக்கு மேற்பட்ட கண்களில் சரியாகவே இருந்தது. சட்டமும் கண்ணாடியும்தான் இல்லை. மருத்துவத்தின் தோல்வி என்று இதைச் சொல்வதா, இல்லையா? ஆபரேஷன் தியேட்டரின் வாசலோடு கணக்கை முடித்துக்கொள்கிறவர் இல்லை என்பார். எனக்கு அப்படிச் சொல்ல மனம் வரவில்லை.

இதற்கு விடை 1949லேயே பிறந்துவிட்டது. லண்டன் செயின்ட் தாமஸ் ஆஸ்பத்திரியில் ஹரால்ட் ரிட்லி என்ற டாக்டர் அந்த ஆண்டு நவம்பர் 29இல் ஒரு பெண்மணியின் கண்ணுக்குள் செயற்கை லென்ஸ் வைத்துப் பார்த்தார். போரில் விமானத்தின் முன்கண்ணாடி சிதறி விமானிகளின் கண்ணுக்குள் பாய்ந்த துணுக்குகள் அங்கேயே சாதுவாகக் கிடந்ததைக் கவனித்தவர் அவர். அதே வகை அக்ரிலிக் பிளாஸ்டிக்கில் லென்ஸ் செய்தால் கண் ஏற்றுக்கொள்ளும் என்று நினைத்தார். சக டாக்டர்கள் பல ஆண்டுகள் அவரைக் கரித்துக் கொட்டினார்கள். மேலை நாடுகளில் இது பொது வழக்கமாக 1980கள் ஆகிவிட்டன. லென்ஸை உட்காரவைக்கக் கண்ணின் பழைய உறை தேவை என்பதால், உறையோடு பிடுங்கும் முறை அங்கே வழக்கொழிந்து, தாவியேலின் வழிக்கே புதுக் கருவிகளோடு திரும்பினார்கள். அதற்கு நுண்ணோக்கி கட்டாயம்.

இங்கே டாக்டர் வி 1976இல் 58 வயதில் அரசுப் பணியிலிருந்து ஓய்வு பெற்று மதுரையில் 11 படுக்கைகளோடு அரவிந்தைத் தொடங்கியிருந்தார். தங்கை நாச்சியார், மைத்துனர் நம்பெருமாள்சாமி என்று வீட்டு டாக்டர்களே வேலைக்காரர்கள். 1985இல் தேனி. 1988இல் திருநெல்வேலி ஜங்ஷனில், எஸ்.என். ஹைரோட்டில் கிளை திறந்தது. நெல்லை, தூத்துக்குடி, குமரி மட்டுமல்ல, செங்கோட்டைக் கணவாயைத் தாண்டிக் கேரளத்திலிருந்தும் ஜனங்கள் வந்தார்கள். கட்டில் வேண்டுமா, பணம் கட்டு. பாய் போதுமா, இலவசம். இரண்டு பக்கத்திலும் அதே டாக்டர்கள்தான். முகாம்களில் இனி பரிசோதனை மட்டும். புரை உள்ளவர்களைப் பஸ்ஸில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்து அங்கேதான் அறுவை என்று ஏற்பாடு மாறியது. லயன்ஸ், ரோட்டரி சங்கங்களும் ஊர்ப் பெரியவர்களும் முகாமுக்கு இடமும் விளம்பரமும் பார்த்துக்கொண்டார்கள்.

லென்ஸ் மட்டும் அப்போது பணம் கட்டுகிறவர்களின் பக்கத்தைத் தாண்டவில்லை. இறக்குமதி லென்ஸ் ஒன்று 100 டாலர் என்றால் பாயில் படுத்திருக்கிற ஆச்சிக்கு யார் வைப்பது? வெளிநாட்டு நன்கொடையில் வந்தவை எத்தனை நாள் தாங்கும்? ஏழை நாடுகளுக்கு இது வேண்டாத ஆடம்பரம், பழைய முறையே போதும், எண்ணிக்கையைக் கூட்டுங்கள் என்று அறிவுரை சொன்ன உலக நிபுணர்கள் இருந்தார்கள். நல்லெண்ணத்தோடுதான் சொன்னார்கள். ஆனால் நூல் கட்டின கண்ணாடியோடு வரப்பில் தடுமாறியது அவர்கள் வீட்டுக் கிழவிகள் இல்லை.

1992இல் மதுரையில் ஆரோலேப் தொடங்கியது. அமெரிக்காவின் சேவா அறக்கட்டளையும் டேவிட் கிரீன் என்பவரும் தொழில்நுட்பத்தைக் கொண்டுவர உதவினார்கள். தென் மாவட்டக் கிராமத்துப் பெண்கள் வெள்ளை அங்கி மாட்டிக்கொண்டு, 6 மில்லிமீட்டர் அகலமுள்ள அக்ரிலிக் வில்லைகளைக் கடைந்து மெருகேற்றினார்கள். விலை 10 டாலருக்கு வந்தது. பிறகு அதற்கும் கீழே போனது. இன்னொரு பக்கம், இது ஏழைகளுக்குச் சரிப்படுமா என்ற கேள்விக்கு வாய்ப்பேச்சில் பதில் சொல்லாமல் சோதனை வைத்தார்கள். இரண்டு கண்ணிலும் புரையால் பார்வை போன 3,400 பேரை எடுத்துக்கொண்டு, சீட்டுப் போட்டதுபோல் பாதிப் பேருக்குப் பழைய முறையும் சோடாபுட்டியும், மீதிப் பேருக்கு உறையை விட்டுவைத்து உள்ளே லென்ஸும். ஓராண்டு பின்தொடர்ந்தார்கள். 1998இல் வெளியான மதுரை லென்ஸ் ஆய்வு அது. ஆபத்து கூடவில்லை, பார்வை மேல், அன்றாட வாழ்வும் மேல் என்று தெரிந்தது. 1994 முதல் 2002 வரை உலக வங்கிக் கடனில் தமிழ்நாடு உட்பட 7 மாநிலங்களில் நடந்த கண்புரைத் திட்டமும் அரசு டாக்டர்களை லென்ஸ் முறைக்குப் பழக்கியது. நெல்லையின் ஹைகிரவுண்டு அரசு ஆஸ்பத்திரி டாக்டர்களும் நுண்ணோக்கிக்குக் கீழே குனிந்தார்கள்.

2000ஆம் ஆண்டின் கணக்கெடுப்பு இந்த இரண்டு யுகமும் ஒரே தெருவில் குடியிருந்த நேரத்தில் நடந்தது. அதனால்தான் 40.7உம் 5.1உம் ஒரே பட்டியலில் அடுத்தடுத்த வரியாக உட்கார்ந்திருக்கின்றன. அரசு ஆஸ்பத்திரிகளிலும் முகாம்களிலும் அறுவை செய்துகொண்டவர்களுக்குப் பார்வை குறைவாக இருந்தது, தனியார், தொண்டு நிறுவனங்களில் செய்துகொண்டவர்களுக்குத் தேவலை என்றும் அந்த ஆய்வு சொன்னது. இதை வைத்து அரசு டாக்டரின் கையைக் குறை சொல்வது எளிது. அரசு முகாம்கள் நெடுங்காலம் பழைய முறையிலேயே, வருஷாந்தர இலக்குக்காக ஓடின என்பதையும் சேர்த்துப் பார்க்கவேண்டும் என்பது என் எண்ணம். எத்தனை ஆபரேஷன் என்று கேட்டு அதிகாரியை விரட்டினால் அத்தனை ஆபரேஷன் வரும். எத்தனை பேருக்குக் கண் தெரிகிறது என்று கேட்ட மேலதிகாரி யார்?

அந்த ஆய்வில் இன்னும் சில வரிகள் உறுத்துகின்றன. சோதிக்கப்பட்டவர்களில் 11 விழுக்காட்டினர் பார்வையற்ற நிலையில் வந்தார்கள். தக்க கண்ணாடி போட்டுப் பார்த்தால் 4.6. அதாவது பாதிக்கு மேற்பட்ட இருட்டு, கத்தியே தேவைப்படாத இருட்டு. அதே சமயம் பார்வையற்றவர்களில் 70.6 விழுக்காட்டினருக்கு ஒரு கண்ணிலாவது முதற்காரணம் புரை. புரையால் பார்வை இழந்தவர்களில் 56.5 விழுக்காட்டினர்தான் அதுவரை அறுவை செய்துகொண்டிருந்தார்கள். மீதிப் பேர்? ஜங்ஷனில் இலவசம், பஸ் இலவசம், சாப்பாடு இலவசம் என்ற ஊரில் ஏன் வரவில்லை? எழுதப் படிக்கத் தெரியாதவர்கள் குறைவாக வந்தார்கள். கிராமத்தில் பெண்கள் குறைவாக வந்தார்கள். ஆனால் வந்தவர்களுக்குள் ஆண், பெண், படித்தவர், படிக்காதவர் என்று பார்வையில் வித்தியாசம் இல்லை. மேசைமேல் படுத்துவிட்டால் கத்தி பேதம் பார்க்கவில்லை. மேசை வரைக்கும் வந்து சேர்வதில்தான் பேதம்.

வந்து சேராததற்குக் காரணம் தேட ஆய்வாளர் வேண்டாம். கார் நடவு இருக்கிறது, பிசான அறுப்பு இருக்கிறது. கூலியை விட்டுக் கூட வர யாருக்கும் நேரமில்லை. முக்கூடல் பக்கம் பீடி சுற்றுகிற வீட்டில் மருமகள் ஒருநாள் தட்டை விட்டு எழுந்தால் அன்றைய ஆயிரம் பீடியும் போச்சு. வெயில் தணியட்டும், பேத்தி கல்யாணம் முடியட்டும், இனிமேல் பார்த்து என்ன ஆகப்போகிறது. தாத்தாவுக்குப் புரை என்றால் பிள்ளைகள் கூடிப் பேசுவார்கள். ஆச்சி மட்டும் தானாக 'எனக்கென்ன, அடுப்பும் அம்மியும் தடவினாலே தெரியுது' என்று முந்திக்கொள்வாள். 1991இல் வெளியான, தென்னிந்தியக் கிராமங்களில் செய்த ஓர் ஆய்வு, அறுவையை மட்டும் இலவசமாக்கினால் போதாது, போக்குவரத்தையும் சாப்பாட்டையும் சேர்த்துக் கொடுத்தால்தான் கூடுதல் பேர் வருகிறார்கள் என்று காட்டியது. ஏற்கெனவே ஆபரேஷன் முடித்துப் பார்வை பெற்ற ஒருவர் வீட்டுக்கு வந்து பேசினால் அதற்குத் தனி மதிப்பு. நோட்டீஸ் சொன்னால் கேட்காத ஆச்சி, பக்கத்துத் தெரு ஆச்சி சொன்னால் கேட்பாள்.

2000க்குப் பிறகு நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம், ஒன்றைத் தவிர. அந்த ஒன்று தையல் இல்லாத ஆபரேஷன். கண்ணைச் சுற்றி மரத்துப்போக ஊசி. வெள்ளை விழியில், கருவிழியின் எல்லைக்குச் சற்று மேலே, 6 அல்லது 7 மில்லிமீட்டருக்கு ஒரு கீறல். நேராக உள்ளே குத்தாமல், பிறைவடிவக் கத்தியால் விழிச்சுவரின் அடுக்குகளுக்கு நடுவே சுரங்கம் போல் சரிவாகக் கொண்டுபோய்க் கருவிழிக்குள் திறப்பார்கள். நீலச் சாயம் ஒரு சொட்டு. வெள்ளைப் புரைமேல் கண்ணுக்குத் தெரியாமல் கிடந்த உறை நீலமாகத் துலங்கும். அதை வட்டமாகக் கிழித்து, தண்ணீரைப் பாய்ச்சிப் புரையை உறையிலிருந்து நெகிழ்த்தி, முன்னுக்கு உருட்டி, சுரங்கம் வழியாக முழுசாக வெளியே வரவைப்பார்கள். நெற்பழுப்பு நிறத்தில் அது வெளிவரும். அந்த உறைக்குள் லென்ஸ் உட்காரும். கண்ணுக்குள்ளிருக்கிற அழுத்தமே சுரங்கத்தின் உதடுகளை ஒட்டிவிடும், தையல் வேண்டாம். அரவிந்த் தியேட்டரில் ஒரு டாக்டருக்கு இரண்டு மேசை. ஒருவருக்கு முடியும்போதே அடுத்தவரைச் சிஸ்டர்கள் தயாராக வைத்திருப்பார்கள். டாக்டர் நாற்காலியைத் திருப்பினால், நுண்ணோக்கியும் கூடவே திரும்பும். அந்தச் சிஸ்டர்கள் பெரும்பாலும் பிளஸ் டூ முடித்து, இங்கேயே இரண்டு வருஷம் பயின்ற கிராமத்துப் பெண்கள்.

பணக்கார முறை என்று பெயர் வாங்கிய பேக்கோவில் இதே வேலையை 3 மில்லிமீட்டருக்கும் குறைவான துளையில், நுண் அதிர்வு ஊசியால் புரையைப் பொடியாக்கி உறிஞ்சிச் செய்கிறார்கள். 1967இல் நியூயார்க்கின் சார்லஸ் கெல்மன் பல் டாக்டரின் நாற்காலியில், கறை எடுக்கிற கருவியைப் பார்த்துக் கண்டுபிடித்தது. நம் ஊரில் இதைப் பலர் 'லேசர் ஆபரேஷன்' என்று சொல்லிக் கூடுதல் பணம் கேட்கிறார்கள். அதில் லேசர் எதுவும் இல்லை. மடித்து வைக்கிற லென்ஸ் உள்ளே போய் விரிந்துகொள்ளும். கண் சீக்கிரம் தெளிகிறது, கண்ணாடித் தேவையும் குறைகிறது. ஆனால் முற்றி இறுகிய புரையில், பழகிய கையிலுள்ள பிறைக்கத்தி அதற்கு அதிகம் சளைத்ததல்ல என்பது நேபாளத்திலும் புனேயிலும் புதுச்சேரியிலும் நடந்த ஒப்பீடுகளில் திரும்பத் திரும்பத் தெரிந்தது.

எந்த முறையானாலும் டாக்டர்கள் பயப்படுவது ஒன்றுக்குத்தான்: கண்ணுக்குள் கிருமி. 2008இல் விழுப்புரம் மாவட்டத்து முகாம் ஒன்றிலிருந்து கூட்டிப்போய் ஆபரேஷன் செய்யப்பட்ட அறுபதுக்கும் மேற்பட்டவர்கள் பார்வை இழந்தார்கள். வழக்கு மத்தியப் புலனாய்வுத் துறை வரை போனது. அதற்குப் பிறகு தமிழ்நாட்டில் முகாம் என்ற சொல்லைக் கேட்டாலே ஜனங்கள் கொஞ்ச காலம் பின்வாங்கினார்கள். அரவிந்த் குழும மருத்துவமனைகளில் ஆபரேஷன் முடிவில் மாக்ஸிஃப்ளாக்ஸசின் என்ற மருந்தைக் கண்ணுக்குள்ளேயே செலுத்தும் வழக்கம் வந்தது. 20 லட்சத்துக்கும் மேற்பட்ட கண்களின் கணக்கை 2019இல் வெளியிட்டார்கள். மருந்து செலுத்தாதபோது 10,000 கண்ணுக்கு 7 வீதம் இருந்த சீழ்த்தொற்று, செலுத்தியபோது 2 ஆனது. மலிவான மருந்து, ஒரு சின்ன ஊசி. இந்தக் கணக்கு கிடைத்ததற்குக் காரணம், ஆபரேஷனுக்குப் பின் திரும்பி வந்த கண்களையும் விடாமல் எழுதிவைத்ததுதான். எலியட் உயிரோடு இருந்திருந்தால் அந்தப் பட்டியலைக் கேட்டு வாங்கியிருப்பார்.

சோடாபுட்டிக் கண்ணாடி இன்று நெல்லைத் தெருக்களில் அநேகமாக இல்லை. மாவட்டமே இரண்டாகிவிட்டது. 2015 முதல் 2019 வரை நடந்த தேசியக் கணக்கெடுப்பில் 50 வயதுக்கு மேற்பட்டவர்களில் பார்வையற்றோர் 1.99 விழுக்காடு என்று வந்தது. வரையறை 6/60இலிருந்து 3/60க்கு மாறிவிட்டதால் அதை நெல்லையின் பழைய 11 விழுக்காட்டோடு நேராக ஒப்பிடக்கூடாது. புரைதான் அப்போதும் முதல் காரணம். ஆபரேஷனில் நேர்ந்த கோளாறுகளும் காரணங்களின் பட்டியலில் ஏறியிருந்தன.

2000இன் கணக்கெடுப்பில் நான் இன்னும் தொடாத ஓர் எண் இருக்கிறது. லென்ஸ் வைத்த கண்களிலும், எந்தக் கண்ணாடி போட்டாலும் 6/60ஐ எட்டாதவை 3.7 விழுக்காடு. இப்படிப்பட்ட கண்களில் பலவற்றில் முன்பக்கம் பளிங்காக இருக்கும். கெட்டுப்போனது பின்பக்கம், விழித்திரையும் நரம்பும். நெல்லை ஆஸ்பத்திரி வரிசைகளில் அந்தக் கண்களின் பங்கு கூடிக்கொண்டே வந்த கதை சர்க்கரை வியாதியின் கதை. அது அடுத்த இதழில்.